கடலில் மறைந்த சூரியன்

பத்தாம் தரத்து மாணவி ஒருத்தி எழுதித் தந்த கட்டுரையை 2025 ஆம் ஆண்டின் இரண்டாம் தவணையில் ஓர் இரவு திருத்திக்கொண்டிருந்தேன். ‘எமது ஊர்க் கடற்கரை’ என்பது தலைப்பு. அழகான கையெழுத்து. சந்திப் பிழை இல்லை. ஒருமை பன்மை மயக்கம் இல்லை. முன்னுரையும் முடிவுரையும் அளவாக அமைந்திருந்தன. இப்படி ஒரு தாள் கைக்கு வந்தால் தமிழாசிரியனுக்கு அன்றைய களைப்பு பறந்துவிடும். நானும் மகிழ்ந்துதான் வாசித்துச் சென்றேன், அந்தி மயங்கும் வேளையிலே செங்கதிரோன் கடலினுள் மூழ்கும் காட்சியைக் காண எம்மூர் மக்கள் கரையில் திரள்வர் என்ற வாக்கியம் வரும்வரையில்.

சாய்ந்தமருது இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கிறது. இங்கே சூரியன் கடலிலிருந்து எழுகிறான். மறைவது மேற்கே, வயல்வெளிகளுக்கும் அப்பால். நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரிந்த சங்கதி இது. அந்தப் பிள்ளையோ பிறந்தது முதல் இவ்வூரை விட்டு நீங்காதவள்.

மறுநாள் அழைத்துக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. “கைபோன்ல கேட்டன் சேர், அது எழுதித் தந்திச்சி. நான் பார்த்து எழுதின” என்றாள். கள்ளங் கபடமற்ற பதில். வகுப்பில் அரைவாசிப் பேர் அப்படித்தான் செய்திருந்தார்கள் என்பது பின்னர் தெரியவந்தது. சாட்ஜிபிடி என்னும் பொறி உலகில் வெளிவந்தது 2022 நவம்பரில். எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கொப்பிக்குள் அது வந்து சேர மூன்று ஆண்டுகூட எடுக்கவில்லை. எங்கள் ஊருக்கு ஒரு நல்ல நூலாசிரியரின் நூல் வந்து சேர இதைவிட அதிக காலம் எடுத்திருக்கிறது.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். கைத்தொலைபேசியை வீட்டிலும் பறிக்க வேண்டும் என்றார் ஒருவர். பரீட்சை மண்டபத்துக்குள் அது வராதே, பிறகு என்ன கவலை என்றார் இன்னொருவர். எனக்கும் கோபம் இருந்தது. மாலையில் வீடு சென்று, அவளுக்குக் காட்ட நல்ல மாதிரிக் கட்டுரை ஒன்று எடுப்போம் என்று என் பழைய குறிப்புக் கொப்பிகளைக் கிளறினேன். ஆசிரியப் பணியின் முதலாண்டில், பட்டம் பெற்ற சூட்டோடு, நான் வகுப்பில் சொல்லி எழுதுவித்த கட்டுரைகள் அவற்றில் இருந்தன. ‘கடற்கரைக் காட்சி’ என்பதும் அவற்றுள் ஒன்று.

அதிலும் சூரியன் கடலில் மறைந்துகொண்டிருந்தான்.

எப்படி மறைந்தான் என்பதை ஊகிப்பது கடினமன்று. கொழும்பில் அச்சான வழிகாட்டி நூல் ஒன்றைப் பார்த்து அதை எழுதினேன். காலிமுகத்திடலில் நின்றால் சூரியன் கடலில்தான் மறையும். அந்த நூலாசிரியர் கண்டதை எழுதினார். நான் காணாததைச் சொல்லிக்கொடுத்தேன். அலையோசை கேட்கும் வகுப்பறையில் இருந்து நாற்பது பிள்ளைகள் அதை எழுதினார்கள். ஒரு பிள்ளையாவது எழுந்து நின்று, சேர், இது பிழை என்று சொல்லவில்லை. இருபதுக்குப் பதினெட்டுப் புள்ளிகள் போட்டதாக எனக்கு நினைவு. அதே பிழைக்கு இன்று அந்தப் பிள்ளையின் தாளில் சிவப்புக் கோடு கீறும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது? பொறி செய்த குற்றம் என்ன? எங்கோ எவரோ எழுதிய வாக்கியங்களை நினைவில் அடுக்கி, கேட்டவுடன் ஒப்புவிக்கிறது. அதைத்தான் நாங்கள் பதினொரு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பழக்கிவந்தோம். வித்தியாசம் ஒன்றே: பொறி எம்மினும் விரைவாகச் செய்கிறது, பிரம்படியும் கேட்பதில்லை.

அந்தப் பிள்ளையிடம், பொறியை வைத்துவிட்டு வீட்டில் உள்ளவர்களைக் கேட்டு எழுதி வா என்றேன். மூன்றாம் நாள் அரைப்பக்கம் கொண்டுவந்தாள். அவளுடைய குடும்பம் சுனாமிக்குப் பின் எழுந்த பொலிவேரியன் கிராமத்தில் வாழ்கிறது. முன்பு வீடு கடற்கரை ஓரம். 2004 டிசம்பர் 26 காலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடல் அந்த வீட்டை எடுத்துச் சென்றது; அவளுடைய மாமாவையும் எடுத்துச் சென்றது. அம்பாறைக் கரையோரம் அன்று இழந்த உயிர்கள் பத்தாயிரத்துக்கு மேல். அவள் பிறந்ததோ அதற்குப் பின்னர். உம்மா இன்றுவரை கடற்கரைக்குப் போவதில்லை, பின்னேரம் வாசலில் குந்தி வயலுக்குள் சூரியன் விழுவதைப் பார்ப்பா, நானும் பார்ப்பேன், கடலை நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடுதான் பார்த்த என்று எழுதியிருந்தாள். பேச்சுவழக்கும் எழுத்துவழக்கும் கலந்து கிடந்தன. முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை. புள்ளித் திட்டத்தின்படி பார்த்தால் ஏழு புள்ளி தேறும். முதலில் தந்த பொய்க் கட்டுரைக்குப் பதினெட்டு. நெடுநேரம் யோசித்துப் பன்னிரண்டு போட்டேன். அதுவும் ஒரு கோழைத்தனந்தான்.

நிற்க. பள்ளிக்கூடத்துக்கும் புதுப்பொறிகளுக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதத் தொடங்கினால் 2020 மார்ச்சைத் தொடாமல் போக முடியாது. அம்மாத நடுவில் தொற்றுநோயின் பெயரால் நாட்டின் பாடசாலைகள் எல்லாம் மூடப்பட்டன. இடையிடையே திறப்பதும் மூடுவதுமாக 2021 இன் இறுதிப் பகுதிவரை அந்நிலை நீடித்தது. தொலைக்காட்சியில் பாடம், ஸூம் வழியே பாடம், வாட்ஸ்அப்பில் பயிற்சித்தாள் என்று ஒரே ஆரவாரம். இலங்கையில் அப்போது ஏறத்தாழ ஐந்து குடும்பங்களில் ஒன்றிலேயே கணினி இருந்தது. மற்ற நான்கும் கைத்தொலைபேசியை நம்பின. அதுவும் வீட்டுக்கு ஒன்று. அதற்கும் ரீலோட் போடக் காசு வேண்டும்.

என் எட்டாம் தர வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கடற்றொழிலாளியின் மகன். வீட்டில் நான்கு பிள்ளைகள், ஒரு தொலைபேசி. வாப்பா கடலுக்குப் போகும்போது அது அவருடன் போய்விடும். அவர் கரைக்கு வந்து உறங்கும் நேரத்தில் நான்கு பேருக்கும் பங்கு. இரவு பதினொரு மணிக்கு அவன் எனக்கு ஒரு பயிற்சியின் படத்தை அனுப்புவான். வெளிச்சம் போதாமல் எழுத்துத் தெரியாது. நான் மறுநாள், தெளிவில்லை, மீண்டும் அனுப்பவும் என்று பதில் எழுதுவேன். தொலைபேசி அப்போது கடலில் இருக்கும். இப்படிச் சில கிழமைகள். பின்னர் படமும் நின்றது.

2021 ஜூலை 12 அன்று ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலைப் புறக்கணித்தன. இருபத்து நான்கு ஆண்டுகளாகத் தீராதிருந்த ஊதிய முரண்பாட்டைத் தீர்க்கக் கோரிய போராட்டம் அது. நானும் அதில் சேர்ந்தேன். இன்றும் அதற்காக வெட்கப்படவில்லை. ஆசிரியன் தன் ரீலோட்டுக்குத் தானே காசு கட்டி அரசின் பள்ளிக்கூடத்தை நடத்த வேண்டும் என்ற நியதி எந்த நாட்டு நீதி? ஏறத்தாழ நூறு நாள் நடந்த அந்தப் போராட்டம் நியாயமானதே. ஆயினும் அந்த நூறு நாளில்தான் அந்தப் பையன் கடலுக்குப் போனான். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மூடிவிட நான் பல தடவை முயன்றதுண்டு, மூடுபடவில்லை. கட்டாயக் கல்வி வயது 2016 முதல் பதினாறு. அவனுக்குப் பதினான்கு. பாடசாலைகள் மீண்டும் திறந்தபோது அவன் பெயரை இடாப்பில் சில மாதங்கள் கூப்பிட்டேன். பின்பு 2022 வந்தது. பதின்மூன்று மணிநேர மின்வெட்டும், எரிபொருள் வரிசையும், தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன கூத்தும் வந்தன. அந்த அமளியில் ஓர் ஏழைப் பிள்ளையின் பெயர் இடாப்பிலிருந்து போனதை யார் கவனிப்பார்? நானே கவனிக்கவில்லை.

அவனை மறுபடி கண்டது 2025 இல், அந்தக் கட்டுரை விவகாரம் நடந்த அதே மாதம். ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை முடிந்து கரைப்பக்கம் நடந்தேன். வாடியொன்றின் நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்தவர்களிடையே ஒருவன் எழுந்து நின்று சலாம் சொன்னான். தோள் அகன்று மீசை அரும்பியிருந்தது. பக்கத்தில் அவனுடைய வாப்பா. என்னைவிடப் பத்து வயதேனும் மூத்தவர். ஆனாலும் எனக்கு ‘சேர்’ பட்டம் தந்தே பேசுவார். நான் அவரைக் காக்கா என்பேன்.

பையன் மடியில் ஒரு கருவி இருந்தது. கையகலம். ஜி.பி.எஸ். என்று அவர்கள் சொல்லும் இடங்காட்டி. ஆழ்கடலில் வலை போட்ட இடத்தை அதில் குறித்து வைத்து, இரவில் திரும்ப அதே இடத்துக்குப் போவார்களாம். காட்டு என்றேன். விசையை அழுத்தினான். வடக்கு ஏழு பாகை, இருபத்து மூன்று சொச்சம் கலை. கிழக்கு எண்பத்தொரு பாகை, ஐம்பது சொச்சம். நாங்கள் நின்ற மணலின் விலாசம் அது.

“இந்த மினிட்டில ஒண்டு கூடினா வடக்கால ஒரு மைல் போயிட்டம் எண்டு அர்த்தம் சேர்” என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழாம் தரத்திலோ எட்டாம் தரத்திலோ ஒரு நாள் புவியியல் ஆசிரியர் வராதபோது அவ்வகுப்புக்குப் பதிலாகச் சென்றவன் நான். அகலாங்கு, நெட்டாங்கு என்றால் என்ன என்று இவனைத்தான் கேட்டேன். விழித்தான். இதுகூடத் தெரியாதா என்று வகுப்பின் முன் நிறுத்தி வைத்தேன். அகலாங்கின் ஒரு கலை ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீற்றர் என்பது எனக்கே அன்று தெரியாது. பாடநூலில் இருந்த வரைவிலக்கணம் மட்டும் தெரியும். அவன் இன்று அந்த ஒரு கலையை இரவில், அலைக்கு நடுவே, உயிரோடு திரும்புவதற்காகப் பயன்படுத்துகிறான்.

இந்த இடத்தில் நம்மைப் போன்ற இலட்சியவாதிகளுக்கு ஒரு மயக்கம் வரும். எனக்கும் வந்தது. பார்த்தீர்களா, பள்ளிக்கூடம் தராத அறிவைக் கடல் தந்துவிட்டது. கல்வி என்பது வாழ்க்கையில் இருக்கிறது. மீனவன் பிள்ளைக்கு மீன்பிடியையே பாடமாக்கினால் என்ன? இவ்வாறு அங்கேயே ஒரு சிறு சொற்பொழிவை நான் தொடங்கிவிட்டேன். காக்கா வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் சொன்னார்:

“ஒங்கட புள்ளையையும் இதுக்கு அனுப்புவீங்களா சேர்?”

நான் பேசவில்லை.

“இவன நான் கடலுக்கு அனுப்ப நெனச்சி வளர்க்கல்ல. ஒரு கந்தோர்ல குந்தி எழுதுவான் எண்டுதான் நெனச்ச. கொரோனா வந்து கெடுத்திட்டு. மிசின் தட்டத் தெரிஞ்சா அது படிப்பா?”

வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. 1953 இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அரைநாள் பள்ளியில் படித்து மீதி நேரம் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். வண்ணான் பிள்ளை வெளுக்கவும் குயவன் பிள்ளை பானை வனையவும் பழகினால் வக்கீல் பிள்ளை என்ன பழகும் என்பதை எல்லோரும் உணர்ந்தார்கள். அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டுப் பெரியாரும் மற்றோரும் எதிர்த்தனர். 1954 இல் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். இலங்கையிலும் 1972 இல், பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், தொழில்முன்னிலைப் பாடங்கள் என்ற பெயரில் அவ்வவ் ஊர்த் தொழில்கள் இடைநிலை வகுப்புகளுக்கு வந்தன. நோக்கம் வேறு. எல்லாப் பிள்ளைகளும் உழைப்பை மதிக்க வேண்டும், வேலையில்லாப் பட்டதாரிகளின் படை பெருகக்கூடாது என்பன அதன் பின்னிருந்த எண்ணங்கள். 1971 இன் இளைஞர் கிளர்ச்சி அரசை உலுக்கியிருந்த காலம் அது. குலக்கல்வியோடு அதைச் சமமாக வைப்பது அநியாயம். ஆனால் கருவியும் இல்லை, பயிற்றப்பட்ட ஆசிரியரும் போதவில்லை; பெற்றோரும் நம்பவில்லை. 1977 இல் ஆட்சி மாறியதும் அது போயிற்று. அதற்காகப் பெற்றோரைக் குறை சொல்ல என்னால் முடியாது. 1945 இல் கன்னங்கரா இலவசக் கல்வியின் கதவைத் திறந்தபோது நாட்டின் ஏழைகள் அக்கதவுக்கு அப்பால் கண்டது கந்தோரையும் வைத்தியசாலையையும் நீதிமன்றத்தையும்தான். தங்கள் கொல்லைப்புறத்தையே அவர்கள் அங்கு காண விரும்பவில்லை. கல்முனையில் 1942 இல் உதவி அரசாங்க அதிபராயிருந்த ஏ. எம். ஏ. அஸீஸ் இப்பகுதி முஸ்லிம்களுக்கென ஒரு கல்விச் சங்கம் அமைத்தபோதும், பிள்ளைகளை வயலுக்கும் கடலுக்கும் அப்பால் கொண்டுசெல்வதே அவர் கனவு.

ஆகவே காக்காவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பையனிடம் ஒரு கேள்வி இருந்தது. வாப்பா வெற்றிலை வாங்க எழுந்து போனபின் மெல்லக் கேட்டான்:

“இது வானத்தில இருக்கிற சட்டலைட்டப் பிடிக்குது சேர். நாலு பிடிச்சாத்தான் இடம் சரியாக் காட்டும். மூணு எண்டா தள்ளாடும். ஏன் நாலு?”

எனக்குத் தெரியாது. பதினாறு வயதில் க.பொ.த. உயர்தரத்துக்குக் கலைப்பிரிவு என்று எனக்குச் சீட்டுக் கிழித்த நாளோடு விஞ்ஞானத்தின் கதவு எனக்கு மூடிற்று. அடுத்த ஊரான காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்தரை நினைத்துக்கொண்டேன். அவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. அதன் பின்னரே தமிழ்ப் பேராசிரியர். முதலில் அண்ணாமலையில், பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தில். 1947 இல் வெளிவந்த யாழ்நூலில் பழந்தமிழ் இசையை ஆராய அவருக்குக் கணிதம் வேண்டியிருந்தது. தமிழ் படித்தவனுக்குக் கணக்கு எதற்கு என்று அவரைப் பார்த்து எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். எம்மைப் பார்த்து எல்லோரும் கேட்கிறார்கள். நாமும் அதை ஒரு பெருமையாகச் சொல்லித் திரிகிறோம்.

தெரியாது என்று அவனிடம் சொன்னேன். பன்னிரண்டு ஆண்டு ஆசிரியப் பணியில் ஒரு மாணவனின் முகத்துக்கு நேரே அச்சொல்லைச் சொன்னது அதுவே முதல் தடவை என்று எண்ணுகிறேன். சொல்லிவிட்டு, வா பார்ப்போம் என்று என் தொலைபேசியை எடுத்தேன். என் மாணவியை ஏமாற்றிய அதே பொறியைத்தான் கேட்டேன். அது சொன்னதை அப்படியே நம்பத் துணிவில்லை. கடலில் சூரியனை மறைத்தது அல்லவா? அதனால் அன்றிரவு பௌதிகவியல் கற்பிக்கும் நண்பர் வீட்டுக்கும் போனோம்.

விடயம் இதுதான். அந்தச் செய்மதிகள் தலைக்கு மேல் இருபதாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் இப்போது மணி இத்தனை என்று ஓயாமல் கூவிக்கொண்டிருக்கும். அந்தக் கூவல் வந்து சேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் வரும். மூன்று செய்மதிகளின் தூரம் தெரிந்தால் நாம் நிற்கும் புள்ளியைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் செய்மதியில் இருப்பது மிக நுட்பமான கடிகாரம்; பையனின் கையில் இருப்பதோ மலிவான கடிகாரம். அது ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் இடம் முந்நூறு மீற்றர் பிழைக்கும். எனவே அகலம், நீளம், உயரம் என்ற மூன்றோடு நேரமும் தெரியாத ஒன்றாகிறது. “தெரியாதவை நாலு, அப்ப எத்தனை சமன்பாடு வேணும்?” என்று நண்பர் கேட்டார். பையன் சிறிது யோசித்து நான்கு விரலைக் காட்டினான்.

ஒருங்கமை சமன்பாடுகளை அவன் பள்ளிக்கூடத்தில் கண்டதில்லை. அந்தப் பாடம் வருமுன்னரே அவன் பெயர் இடாப்பிலிருந்து போய்விட்டது. ஆண்டுதோறும் அந்தப் பாடத்தை நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் படிப்பித்துவரும் நண்பர், இது எதற்கு சேர் என்று கேட்ட பிள்ளைகளுக்கு, பரீட்சைக்கு வரும் என்பதைத் தவிர வேறு பதில் தான் சொன்னதில்லை என்று திரும்பும் வழியில் என்னிடம் சொன்னார். அவருடைய பிழை அது அன்று. வாரத்தில் இத்தனை பாடவேளை, தவணையில் இத்தனை அலகு என்று அவர் காலில் ஒரு கயிறு கட்டியிருக்கிறது.

கடல் அவனுக்குக் கருவியைத் தந்தது. ஏன் என்ற கேள்வியையும் தந்தது. விடை பள்ளிக்கூடத்தின் அலுமாரியில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகளிடமோ விடை மட்டும் இருந்தது. காக்கா சொன்னது எவ்வளவு சரி என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. மிசின் தட்டத் தெரிவது படிப்பு அன்று. அப்படியானால் எமது பாடசாலைக்குக் கணினி வந்தது, திறன்பலகை வந்தது என்று நாடா வெட்டிப் படம் பிடிப்பதும் கல்வி அன்று. எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் கணினி அறையின் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கிறது. பொருள் பழுதானால் யார் பதில் சொல்வது என்ற பயத்தால் அறை பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். பிள்ளைகள் சன்னலுக்குள்ளால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றனர். உறை போட்ட அந்தக் கணினிகளையும் என் மாதிரிக் கட்டுரைக் கொப்பியையும் ஒரே தட்டில்தான் வைக்க வேண்டும்.

2025 இல் அரசு ஒரு கல்விச் சீர்திருத்தத்தை முன்வைத்தது. பாடங்களைச் சிறு தொகுதிகளாக்குவது, பரீட்சைச் சுமையைக் குறைப்பது, செயல்வழியே கற்பிப்பது என்பன அதன் பேச்சு. நல்ல எண்ணங்கள் பல அதில் உண்டு. நான் அதை எதிர்க்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன். ஆனால் 1972 இன் கதையை மறந்துவிட்டு அதை வாசிக்க என்னால் இயலவில்லை. ஆசிரியருக்கு நேரமும் பயிற்சியும் தராமல், பல்கலைக்கழக வாயிலில் நிற்கும் ஒற்றைப் பரீட்சையைத் தொடாமல், வகுப்பறையில் செய்யும் மாற்றத்தை மாலையில் ரியூட்டரி அழித்துவிடும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்குப் பத்து வயதுப் பிள்ளை இரவு ஒன்பது மணிவரை வகுப்புக்குப் போகும் ஊரில் செயல்வழிக் கல்விக்கு எந்தப் பெற்றோர் நேரம் கொடுப்பார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பகுதியில் பாடமாகக்கூடியவை ஒன்றா இரண்டா? ஒலுவிலில் 2013 இல் ஒரு துறைமுகம் திறந்தார்கள். அலைதடுப்புக்கு ஒரு பக்கம் மணல் குவிந்து வாயை அடைத்தது. மறுபக்கம் கரை அரிக்கப்பட்டுத் தென்னைகள் விழுந்தன. கரையோரம் மணல் எவ்வாறு நகர்கிறது என்பதற்கு இதைவிட நல்ல ஆய்வுகூடம் உலகில் இல்லை. எமது பிள்ளைகளோ அதை எங்கோ ஓர் அயல்நாட்டின் வரைபடத்தில் படித்துப் பரீட்சை எழுதுகிறார்கள். மருதமுனைக்குப் போனால் தறி ஓசை கேட்கும். நெசவில் கோலம் போடத் துளை அட்டைகளைப் பயன்படுத்தும் வித்தையை 1804 அளவில் ஜக்கார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் செம்மைப்படுத்தினார். அந்தத் துளை அட்டையின் வழித்தோன்றல்கள்தான் ஒரு காலத்தில் கணினிகளுக்குக் கட்டளையிட்டன. தறி தெரிந்த ஊரின் பிள்ளைக்குக் கணினி அந்நியமாக ஏன் இருக்க வேண்டும்? கப்பல் ஓட்டிய அரபிகள் முடிச்சிட்ட கயிறு கட்டிய ஒரு சிறு பலகையைக் கண்ணுக்கு நேரே பிடித்துத் துருவ நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து அகலாங்கு கண்டார்கள். ‘கமால்’ என்று அதற்குப் பெயர். அதைச் செய்ய ஒரு பலகைத் துண்டும் ஒரு முழக் கயிறும் போதும். என் வாப்பும்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அரபுத்தமிழில் பாட்டும் கிதாபும் சரளமாக வாசிப்பா. பெயரெழுதத் தெரியாதவள் என்று விண்ணப்பப் படிவத்தில் அவவின் கைவிரலை உருட்டினார்கள். எது எழுத்தறிவு என்பதை நாற்காலியில் இருப்பவன்தான் எப்போதும் தீர்மானித்திருக்கிறான். அந்த நாற்காலியில் இப்போது நானும் இருக்கிறேன் என்பதே எனக்குள்ள சங்கடம்.

பெரிதாக எதையும் நான் செய்துவிடவில்லை. மாதிரிக் கட்டுரைக் கொப்பியை எரிக்கவில்லை. அடுத்த நாள் வகுப்புக்கு எடுத்துச் சென்று, என் கடலில் சூரியன் மறைந்த பக்கத்தைப் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்தார்கள். அந்த மாணவியும் சிரித்தாள். பின்பு பொறியிடம் எல்லோருமாக ஒரு கட்டுரை கேட்டு வாங்கி, அதில் எமது ஊர் எங்கே இருக்கிறது என்று தேடினோம். அலையும் மணலும் தென்னையும் இருந்தன. வாடி இல்லை, கரைவலை இல்லை, கடலுக்குப் போகாத உம்மா இல்லை. சரியான பாடநேரம் நாற்பது நிமிடம் அதற்கே போயிற்று. அலகு பின்தங்கிவிட்டது என்று பின்னர் விளக்கம் எழுதிக் கொடுத்தேன்.

பையன் வெள்ளிக்கிழமைகளில் வருகிறான். க.பொ.த. சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாமா என்று ஒரு நாள் அவனாகக் கேட்டான். தோற்றலாம் என்றேன். வாப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லையாம். முதலில் கணக்கைப் பார்ப்போம் என்று நண்பர் அவனுக்கு இரண்டு தெரியாக் கணியங்களில் தொடங்கினார். விரல்கள் வலை பொத்திப் பழகியவை. பேனை அவற்றில் வழுக்குகிறது. ஒரு சமன்பாட்டை மூன்று தடவை பிழைத்து நான்காம் தடவை சரியாக்கினான். அப்போது கரையிலிருந்து அழைப்பு வந்தது. சூரை படுகிறதாம், படகு இறங்குகிறது. கொப்பியைச் சாரத்தின் மடிப்புக்குள் செருகிக்கொண்டு எழுந்தான்.

“வாடைக்காத்துத் தொடங்கினா போட்டெல்லாம் கரையிலதான் கிடக்கும் சேர். அப்ப ஒவ்வொரு நாளும் வாறன்.”

அது ஆவணி மாதம். வாடைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.